தினமும் காதலர் தினமா? பொய் சொல்லாதீங்க சார்!

பிப்ரவரி பிறந்தால் போதும்... ஆபீஸ் கேன்டீனில் யாராவது ஒருத்தர் இந்த வசனத்தைச் சொல்லியே தீருவார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். சட்டைப் பையில் ரெண்டு பேனா. "காதலர் தினத்துக்கு வீட்டுல என்ன ஸ்பெஷல் சார்?" என்று எவனோ ஒரு சின்னப் பையன் விளையாட்டாகக் கேட்டிருப்பான். இவர் வடையை சாம்பாரில் முக்கி எடுத்தபடி, ஞானி மாதிரி ஒரு சிரிப்பு சிரிப்பார்.

"எங்களுக்கெல்லாம் தினமும் காதலர் தினம்தாம்ப்பா!"

சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒருத்தர் கை தட்டுவார். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். நேற்று ராத்திரி நீங்களும் உங்கள் மனைவியும் பேசிய வாக்கியங்களை ஒரு தாளில் எழுதுங்கள் பார்ப்போம்.

"கேஸ் புக் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு."

"அம்மாவுக்கு சுகர் மாத்திரை?"

"நாளைக்கு வாங்கணும்."

"மோட்டார் போட்டியா?"

"ம்."

இதில் எந்த வாக்கியத்தில் சார் ஒளிந்திருக்கிறது அந்தத் தினசரிக் காதலர் தினம்? அந்த "ம்"மிலா?

தினமும் தீபாவளி என்று சொல்கிறவன் வீட்டில் ஒரு நாளும் பட்டாசு வெடித்திருக்காது. அதே கதைதான் இதுவும். ஒரு நாள்கூடக் கொண்டாடாததை மறைப்பதற்கு, முந்நூற்று அறுபத்தைந்து நாளும் கொண்டாடுவதாக ஒரு பெரிய பொய். கோபப்படாதீர்கள். பதினைந்து வருஷம் இதே வசனத்தை, இதே வடை சாம்பாருடன் சொன்ன ஆள் நான். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

இன்னொரு கோஷ்டி உண்டு. "இதெல்லாம் வெள்ளைக்காரன் பண்டிகைங்க... நம்ம கலாசாரம் கிடையாது" என்பார்கள். மகனுடைய பிறந்த நாளுக்கு கேக் வெட்டி, மெழுகுவத்தி ஊதி, ஆங்கிலத்தில் பாட்டுப் பாடியபோது கலாசாரம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. மனைவிக்கு ஒரு முழம் பூ வாங்கும்போது மட்டும் அது எழுந்து வந்து வாசலில் நிற்கிறது!

சரி, வெள்ளைக்காரன் பக்கம் என்ன நிலவரம்? வாலன்டைன் என்ற பெயரில் ரோமாபுரியில் இருந்தது ஒரு புனிதரா, ரெண்டு பேரா என்பதே குழப்பம். 1969-ல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது, பிப்ரவரி 14-ல் இருந்த அவருடைய திருநாளை எடுத்தேவிட்டது. சொந்தக்காரரே விட்டுவிட்ட நாள் சார் இது. கிட்டத்தட்டப் புறம்போக்கு நிலம்.

புறம்போக்கு என்றால் என்ன நடக்கும்? ஆக்கிரமிப்புதான். முதலில் வியாபாரிகள் வந்தார்கள். 1860-களிலேயே இங்கிலாந்தில் காட்பரி குடும்பம் இதய வடிவப் பெட்டியில் சாக்லேட் போட்டு விற்க ஆரம்பித்துவிட்டது. நம் ஊருக்குத் தொண்ணூறுகளில் வாழ்த்து அட்டையாக வந்தது. 1999-ல் கதிர் இயக்கத்தில், ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'காதலர் தினம்' என்றே ஒரு படம் வந்து, பட்டிதொட்டியெல்லாம் அந்தப் பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்புறம் சிவப்பு பலூன், கரடி பொம்மை, 'ஜோடிக்கு மட்டும்' சாப்பாடு, நகைக்கடை விளம்பரம் என்று வேலி போட்டு, பட்டாவும் வாங்கிவிட்டார்கள்.

அந்த வேலிக்கு வெளியே குச்சியோடு வந்து நின்றது மற்றொரு கூட்டம். பூங்காவில் உட்கார்ந்திருக்கும் ஜோடிகளைத் துரத்துவதும், கையில் தாலியோடு போய் 'இப்பவே கட்டு' என்று மிரட்டுவதும் பல ஊர்களில் வருஷா வருஷம் நடந்திருக்கிறது. 2023-ல் உச்சக்கட்டமாக, இந்திய விலங்குகள் நல வாரியம் பிப்ரவரி 14-ஐப் பசுவைக் கட்டிப்பிடிக்கும் நாளாகக் கொண்டாடச் சொல்லி ஓர் அறிக்கை விட்டது. நாடே சிரித்ததும், நாலைந்து நாளில் வாபஸ் வாங்கிக்கொண்டது. பசு பிழைத்தது.

கடைக்காரருக்கும் குச்சிக்காரருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. ரெண்டு பேரும் காதல் என்றால் கல்யாணத்துக்கு முன்னால் நடப்பது என்று நினைக்கிறார்கள். நாமும் நம்பிவிட்டோம்.

திருவள்ளுவர் நம்பவில்லை! காமத்துப்பாலில் மொத்தம் 250 குறள். அதில் களவியல், அதாவது கல்யாணத்துக்கு முந்தைய காதலுக்கு 7 அதிகாரம், 70 குறள். கற்பியல், கல்யாணத்துக்கு அப்புறம் வரும் காதலுக்கு 18 அதிகாரம், 180 குறள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பங்கு முன்னால் என்றால், ரெண்டரைப் பங்கு பின்னால்.

அந்தப் பின்பகுதியில் என்னதான் நடக்கிறது? 132-வது அதிகாரம், புலவி நுணுக்கம். எடுத்துப் படியுங்கள். கணவன் தும்முகிறான். மனைவி முதலில் வாழ்த்துகிறாள். உடனே, எவள் நினைத்ததால் உனக்குத் தும்மல் வந்தது என்று அழுகிறாள். எதற்கு வம்பு என்று அவன் அடுத்த தும்மலை அடக்குகிறான். அதற்கும் அழுகை. யாரோ உன்னை நினைப்பதை என்னிடம் மறைக்கப் பார்க்கிறாயா என்று! தும்மினாலும் மாட்டினான், தும்மாவிட்டாலும் மாட்டினான். ரோஜா கிடையாது, சாக்லேட் கிடையாது. ஒரு வீடு, ரெண்டு பேர், ஒரு தும்மல். அந்தப் பெரியவர் தன் நூலை முடிக்கும்போது நீதி சொல்லி முடிக்கவில்லை. ஊடலும் கூடலுமாகத்தான் முடிக்கிறார்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மாசி மாதம் காமன் பண்டிகை உண்டு. மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என ரெண்டு அணியாகப் பிரிந்து விடிய விடிய லாவணி பாடுவார்கள். பிப்ரவரி நடுவில்தான் மாசியும் பிறக்கிறது. எந்தக் கலாசாரம் சார் கெட்டுப்போகப் போகிறது?

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விஷயங்கள். முன்னால் தெரிந்தது அவமானம்தான். சொல்கிறேன்.

2014. கல்யாணமாகி பதினைந்தாவது வருஷம். வசனத்தை விட்டுவிட்டு, ஒரு தடவையாவது கொண்டாடிவிடலாம் என்று எனக்கும் ஓர் ஆசை வந்தது. நகரத்தின் நடுவில் ஒரு பெரிய ஹோட்டல், பெயர் வேண்டாம். மொட்டை மாடியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு. ஜோடிக்கு 3,500 ரூபாய், வரி தனி. முன்பதிவு செய்திருந்தும், வரிசையில் ஒரு மணி இருபது நிமிஷம் நின்றோம். மனைவி பட்டுப்புடவையில் நின்றார். நான் இறுக்கமான ஷூவில் நின்றேன். மேஜை கிடைத்தபோது காற்றில் மெழுகுவத்தி அணைந்துவிட்டது. சர்வர் ஏற்றினார், அணைந்தது. மறுபடி ஏற்றினார்... அன்று இரவு நாங்கள் அதிகம் பேசியது அந்த சர்வரிடம்தான். பக்கத்து மேஜை ஜோடி ஆளுக்கொரு போனைத் தடவிக்கொண்டிருந்தது. போட்டோகிராபர் ஒருத்தர் வந்து, "சார், மேடத்தோட கண்ணைப் பாருங்க... இன்னும் கொஞ்சம் லவ்வா!" என்றார்.

மனைவி என் பக்கம் குனிந்து கிசுகிசுப்பாகச் சொன்னார்: "ஏங்க... வீட்டுல தோசை மாவு இருக்கு."

பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து, பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் அவர் ரெண்டு தோசை ஊற்ற, அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றபடி மிளகாய்ப் பொடி தொட்டுச் சாப்பிட்டோம். "இன்னும் கொஞ்சம் லவ்வா" என்று அவர் அந்தப் போட்டோகிராபர் மாதிரியே சொல்லிக் காட்ட, சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அந்த நாளிலேயே நன்றாக இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

அப்புறம் என்ன? "அடுத்த வருஷம் வீட்டுலயே!" என்று மந்திரி மாதிரி அறிவித்தேன்.

2015, சனிக்கிழமை. பலூன் ஊதினேன். மெழுகுவத்தி வாங்கினேன். ஹால் விளக்கை அணைத்தேன். என்னளவில் பெரிய உழைப்பு. மேஜையில் தேங்காய்ப்பால் சாதம், கோழிக் குருமா, முட்டை மசாலா, பாதாம் கீர். பிரமாதம் என்று நாலு தடவை சொன்னேன். போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். 'எளிமையாக, வீட்டிலேயே, அவளோடு...' என்று ஒரு வரி வேறு! லைக் குவிந்தது. சோபாவில் சாய்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து குழாய்த் தண்ணீர்ச் சத்தம். நிற்கவே இல்லை. எட்டிப் பார்த்தேன். தொட்டி நிறையப் பாத்திரம். மதியம் மூன்று மணிக்கு உள்ளே போனவர், ராத்திரி பதினொன்றரைக்கு இன்னும் அங்கேயே நிற்கிறார். திரும்பாமலே சொன்னார்:

"நீங்க காதலர் தினம் கொண்டாடினீங்க. நான் வழக்கம்போல சமைச்சேன். கூட ரெண்டு அயிட்டம், அவ்ளோதான்."

சண்டை போடுகிற குரலாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அது தகவல் சொல்கிற குரல்.

குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு, 167-வது. கூடலூர் கிழார் எழுதியது. புதுசாகக் கல்யாணமான பெண் கெட்டித் தயிரைக் கையால் பிசைந்து, அந்த விரலைக் கட்டியிருக்கும் துணியிலேயே துடைத்து, தாளிக்கும் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. எத்தனை மேடைகளில் இந்தப் பாட்டை இல்லற இன்பத்தின் சிகரம் என்று கொண்டாடியிருக்கிறோம்! அழகான பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இப்போது வேறு கவலை. சாப்பிட்டு முடித்த பிறகு அந்தச் சட்டியை யார் கழுவியது?

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் அதில் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிஷம். பரவாயில்லையே என்று காலரைத் தூக்காதீர்கள். இது வேலையைத் தொட்ட ஆண்களின் கணக்கு மட்டும்தான். நூறில் 26 ஆண்கள்தான் தொட்டிருக்கிறார்கள். பெண்கள் 81 பேர். ரெண்டாயிரம் வருஷத்தில் புளிக்குழம்பு மிக்ஸிக்கும் குக்கருக்கும் வந்துவிட்டது, நாம் இன்னும் அந்தப் பாட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே 'வீட்டிலேயே எளிமையாகக் கொண்டாடுவோம்' என்று உபதேசம் செய்யும் ஆண்களைப் பார்த்தால் எனக்கு இப்போது பயங்கர சந்தேகம் வருகிறது. யாருக்கு எளிமை? ஹோட்டலில் உங்கள் பர்ஸ் காலி. வீட்டில் அவர் இடுப்பு காலி. செலவை மிச்சம் பண்ணி மனைவி தலையில் எழுதுவதற்குப் பெயர் எளிமை இல்லை சார். கஞ்சத்தனம்கூட இல்லை. அதைவிட மட்டமான வார்த்தை ஏதோ ஒன்று. இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

2016. அந்த வருஷம் மனைவி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டார். "சமையக்கட்டுப் பக்கமே வர மாட்டேன். காபிகூட நீங்கதான்." நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. என்ன செய்வது என்று நான் முழிக்க, பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள்தான், திருப்புதல் தேர்வுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி யோசனை சொன்னாள்: "அப்பா, பொண்ணு பார்க்கற சீன் போடுங்க. ஆனா உல்ட்டா!"

உல்ட்டா என்றால்? மனைவி மாப்பிள்ளை மாதிரி ஹாலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் பக்கத்துப் பெரியவராக என் அம்மா. நான் உள்ளேயிருந்து கேசரி, பஜ்ஜித் தட்டோடு தலையைக் குனிந்து வர வேண்டும். தட்டில் இருப்பதை நானே செய்திருக்க வேண்டும். மகள் தரகர்.

காலையிலிருந்து தவித்தேன். முதல் கேசரி கட்டி தட்டி, கரண்டியோடு சேர்ந்து எழுந்து வந்தது. பஜ்ஜி மாவு தண்ணியாகி, வாழைக்காய் நிர்வாணமாகப் பொரிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு, வேட்டி கட்டி, தட்டை ஏந்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன்... விளையாட்டு என்று தெரிந்தும் கை நடுங்கியது. நாலு ஜோடிக் கண்கள் நம்மையே எடை போடும்போது, பத்து அடி தூரத்து ஹால் பத்து மைல் ஆகிவிடுகிறது. மகள் தன் சிநேகிதியை வேறு பார்வையாளராக அழைத்து வந்து உட்கார வைத்திருந்தாள்!

"பையனுக்குப் பாடத் தெரியுமா?" என்றாள் அம்மா. கழுதை மாதிரிப் பாடினேன். "நடந்து காட்டச் சொல்லுங்க" என்றாள் மகள். நடந்தேன். "கேசரியில நெய் பத்தலையே... வேலைக்குப் போற பையனா?" என்றார் மனைவி. வீடு முழுக்கச் சிரிப்பு. அதே மிதப்பில் அவர் அம்மா பக்கம் சாய்ந்து, கையால் வாயை மறைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பையன் கொஞ்சம் நிறம் கம்மியோ?"

மறுபடி சிரித்தோம். ரெண்டு விநாடி கழித்துத்தான் கவனித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு உங்க பெரியப்பா இப்படித்தான் சொன்னாரு. எனக்குக் கேட்டுது. நீங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க."

"நானா? எனக்கு ஞாபகமே இல்லையே..."

"பஜ்ஜி சாப்பிட்டுட்டு இருந்தீங்க."

பதினேழு வருஷம். அந்தப் பெரியப்பாவுக்கு எத்தனை தடவை காபி போட்டுக் கொடுத்திருப்பார்! அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி எடுத்துப் போனவரும் இவர்தான். அவர் சொன்னதைவிட, பக்கத்தில் இருந்தவன் வாயில் பஜ்ஜி இருந்ததுதான் வலித்திருக்கிறது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றேன். இப்போது நடிக்கவில்லை.

"தப்புதான். அன்னிக்கே வாயைத் திறந்திருக்கணும்" என்றேன். மகள் முன்னால், அம்மா முன்னால்.

அம்மாதான் மௌனத்தை உடைத்தாள். "உன்னையாவது பார்க்க வந்தாங்க. என்னை யாரு பார்த்தா? பந்தல்ல வெச்சுத்தான் அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் என்னைக் கடைசி வரைக்கும் 'இந்தா'ன்னுதான் கூப்பிட்டாரு."

மனைவி எழுந்தார். "அத்தை, நீங்க இங்க உட்காருங்க." மாப்பிள்ளை நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்தார். என்னைப் பார்த்து, "கொடுங்க" என்றார். தட்டை நீட்டினேன். மகள் தரகர் குரலில் கேட்டாள்: "உங்க பேர் என்னங்க?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, தன் பெயரைச் சொன்னாள். முழுப் பெயர். ரேஷன் கார்டில் தவிர வேறெங்கும் புழங்காத பெயர். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். எழுபத்தொரு வயதில்!

இதை அந்த 3,500 ரூபாய் மேஜையில் பேசியிருக்க முடியுமா? முடியாது. நம் தலைமுறைக்கு நேராக உட்கார்ந்து மனசு விட்டுப் பேசத் தெரியாது. "நாம கொஞ்சம் பேசணும்" என்று ஆரம்பித்தாலே, லோன் விஷயம் என்று வயிறு கலங்கும். விளையாட்டு என்றால் மட்டும்தான் நமக்கு வாய் திறக்கிறது. அதனால்தான் அடம்பிடித்துச் சொல்கிறேன், ஒரு நாளாவது வீட்டுக்குள் விளையாடுங்கள்.

நாடகமெல்லாம் வேண்டாம் என்றால் தாயம் ஆடுங்கள். தோற்றவர் ஒரு வாரம் காலைக் காபி போட வேண்டும் என்று பந்தயம் கட்டி ஆடிப் பாருங்கள், அலுங்காத மனுஷன்கூட 'தாயம்... தாயம்...' என்று கத்துவார். 2012-ல் சென்னைக்கு தினமும் ரெண்டு மணி நேர மின்வெட்டு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வெளியூர்க்காரர்கள் அதைப்போலப் பல மடங்கு அனுபவித்தார்கள். அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்து, பாட்டுக்குப் பாட்டு பாடிய குடும்பங்கள் எத்தனை! கரன்ட் வந்ததும் எல்லோரும் 'ஹே...' என்று கத்திவிட்டுக் கீழே இறங்கி ஆளுக்கொரு திரைக்குள் போனோம். பிப்ரவரி 14 அன்று, ரெண்டு மணி நேரம், மெயின் ஸ்விட்சை நீங்களே அணையுங்கள். ஃப்ரிட்ஜில் இருக்கும் தயிர் ஒன்றும் கெட்டுவிடாது.

மளிகை லிஸ்ட்டில் துவரம் பருப்புக்கும் கடுகுக்கும் நடுவில் ஒரு வரி எழுதி வையுங்கள். கடைக்காரர் படித்துவிட்டால் இன்னும் நல்லது.

"வீட்டுல ஏது சார் தனிமை? ஒரே ரூம், அஞ்சு பேர்" என்கிறீர்களா? நியாயம்தான். ஆனால் தாயத்துக்குத் தனிமை எதற்கு? அம்மாவும் பிள்ளையும் பார்க்க நீங்கள் மனைவியிடம் தோற்றால் என்ன குறைந்துவிடும்? அப்பா அம்மாவிடம் சண்டை போடுவதை அத்தனை பேர் முன்னாலும் செய்கிறோம், கொஞ்சுவதற்கு மட்டும் கதவு வேண்டும் என்கிறோம்.

ரோஜா வாங்கக் கூடாதா என்றால், தாராளமாக வாங்குங்கள். ஒசூர் பக்கம் பசுமைக்குடில்களில் 'தாஜ்மஹால்' என்று ஒரு சிவப்பு ரகம் பயிரிடுகிறார்கள். இந்த ஒரு வாரத்தில் பூக்க வேண்டும் என்பதற்காக டிசம்பரிலேயே செடியைக் கவாத்து செய்து காத்திருக்கும் விவசாயி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பூவைக் கொடுத்துவிட்டுப் பாத்திரத்தையும் தேயுங்கள் என்கிறேன்.

ஒன்றை மட்டும் விளையாட்டாகச் சொல்ல முடியவில்லை. வீடு, வீடு என்கிறேனே... வீடே இல்லாத காதலர்கள் இருக்கிறார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக, 2016 மார்ச்சில், எங்கள் வீட்டில் அந்தக் கேசரி நாடகம் நடந்த அடுத்த மாதம், உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். கடற்கரையிலும் பூங்காவிலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து 'வீட்டுக்குப் போங்க' என்று விரட்டுகிறவர்களே, எந்த வீட்டுக்கு? அதேபோல, கை நீட்டும் கணவன் இருக்கும் வீட்டில் தாயமும் கேசரியும் மருந்து இல்லை. அங்கே வேண்டியது வேறு, போலீஸும் வக்கீலும். நான் பேசுவது பூட்டும் சாவியும் பயமில்லாத தூக்கமும் இருந்தும், ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் படுத்துத் தூங்கும் நம்மைப் போன்ற ஆட்களிடம்தான்.

இதையெல்லாம் போன வாரம் கேன்டீனில் அந்த ரெண்டு பேனாக்காரரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் சாம்பாரைக் கலக்கிக்கொண்டிருந்தார். என் மேல் கோபம் என்றே நினைத்தேன். ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சார்... ஒரு டம்ளர் ரவைக்கு எத்தனை டம்ளர் தண்ணி?"

"ரெண்டரை. தண்ணி நல்லாக் கொதிக்கணும். ரவையைத் தூவிக்கிட்டே இன்னொரு கையால கிளறணும். முந்திரியைத் தனியா வறுத்து வெச்சுக்கங்க."

"இருங்க சார், எழுதிக்கறேன்" என்றார். ரெண்டு பேனாவுக்கும் ஒரு வழியாக வேலை வந்தது.